நாற்பத்தொரு பொத்தான்கள்

கருவிகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். நான் ஓய்வுபெற்ற பிறகு அவை எத்தனையோ தடவை மாறிவிட்டன. எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது அலுமாரியில் கிடக்க வேண்டிய சங்கதிகள். ஆனால் பார்வையில்லாதவர்களுக்கும் கைகால் ஏலாதவர்களுக்கும் வேலைத்தளத்தில் கணினி பொருத்திக்கொடுக்கும் எங்கள் தொழிலுக்கு, இந்த வருடம் புதிதாக வந்தவர்களில் நாலு பேர் தமிழர் என்று கேள்விப்பட்டேன். மூன்று பேர் இலங்கையிலிருந்து வந்த எங்கள் சனத்தின் பிள்ளைகள், இங்கே ஜேர்மனியிலேயே பிறந்தவர்கள். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த பொறியியலாளர். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். நான் செய்த பிழையை ஒரு ஜேர்மன்காரன் செய்திருக்கமாட்டான். அவன் வேறு பிழை செய்வான். அதை அவன் எழுதட்டும்.

நான் கோபக்காரன் என்று அலுவலகத்தில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். இந்தக் கதையில் என் கோபம் பெரும்பாலும் என்மேல்.

ஹம் நகரத்திலிருந்து பிராந்திய ரயிலில் அரை மணித்தியாலம் போனால் ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு வைத்தியசாலை. அதன் தொலைபேசிப் பிரிவில் ஜெனோவா என்ற பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். மன்னார்ப் பக்கம். அப்போது நாற்பது வயதிருக்கும். பல வருடங்கள் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். கண்ணின் விழித்திரை பழுதாகி, இரண்டு வருடத்துக்குள் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதன் பிறகு வீட்டில் குந்தியிருக்காமல் திரும்பவும் படித்து, பிரெயில் பழகி, ஜேர்மன் மொழியைத் தொழிற்சாலைப் பேச்சிலிருந்து அலுவலகப் பேச்சுக்கு உயர்த்தி, எத்தனையோ விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை அது. ஆனால் முதல் ஆறு மாதம் புறோபசைற், பரீட்சைக் காலம். அது முடிவதற்குள் காரணம் சொல்லாமலே நிறுத்திவிடலாம். முடிந்துவிட்டால் பிறகு ஒருவரும் லேசில் கைவைக்க முடியாது. அந்த ஆறு மாதத்தைத் தாண்டுவதுதான் ஜெனோவாவுக்கு எல்லாமும்.

அவருடைய மேசையைத் தயார்செய்ய எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியது. கணினித் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளையும், விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் பட்டையையும் பொருத்துவது என் வேலை. பொருத்தினேன். எல்லாம் பேசியது, வைத்தியசாலையின் புதிய தொலைபேசி மென்பொருளைத் தவிர.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொத்தான் திரையில் இருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. வரும் அழைப்பை அந்தப் பொத்தான் வழியாக மட்டுமே இணைக்கலாம். பொத்தானின் பெயர் எழுத்தாக இல்லாமல் படமாக வரையப்பட்டிருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வாசிக்கும் மென்பொருளுக்குப் படம் விளங்காது. ஒரு பொத்தானிலிருந்து அடுத்ததுக்குத் தாவ ஜெனோவா டாப் விசையை ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் அது "ஷால்டர், ஷால்டர், ஷால்டர்" என்றது. பொத்தான், பொத்தான், பொத்தான். எந்தப் பொத்தான் என்று சொல்லவில்லை.

இதைத் திருத்த எனக்கு இரண்டு நாள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைப் பின்னால் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு அந்த மென்பொருளுக்குள் கைவைக்க அனுமதி வேண்டும். அனுமதி கேட்பதானால், ஒப்படைப்புப் படிவத்தில் குறைபாடுகள் என்ற கட்டத்தில் "வேலை செய்யவில்லை" என்று நான் எழுத வேண்டும். எழுதினால் ஜெனோவா வேலை தொடங்குவது சில கிழமைகள் பிந்தும். பரீட்சைக் காலமோ அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் நாள் நான் போனபோது ஜெனோவா நாற்பத்தொன்றையும் பாடமாக்கி வைத்திருந்தார். பக்கத்து மேசைக்காரியிடம் பட்டியலை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். எக்ஸ்ரே எத்தனையாவது, பிரசவ விடுதி எத்தனையாவது என்று விரல் தானாக எண்ணியது. நான் ஒரு பிரிவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அந்தப் பொத்தானில் நின்றார். பத்துத் தரம் சோதித்தேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் சனமல்லவா!

அந்த நேரம் பிரிவுத் தலைவி உள்ளே வந்தார். உயரமான, எப்போதும் களைத்துப்போன தோற்றமுள்ள பெண். கெட்டவரில்லை. ஜெனோவாவைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று.

நான் ஜெனோவா பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி, சமாளிப்பியளோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. சமாளிக்கலாம்."

நான் தலைவியிடம் திரும்பி, "யா, எல்லாம் ஒழுங்கு" என்றேன். பொத்தான்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன என்ற வரிக்கு நேரே சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். ஜெனோவாவின் விரலைப் பிடித்துக் கையெழுத்துக் கோட்டில் வைத்தேன். அவரும் கையெழுத்து வைத்தார்.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்த எங்களுக்கு முதலில் தெரிந்த ஜேர்மன் சொல், ஆம் என்று பொருள்படும் "யா". மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்டாலும் யா. விளங்கியதா, யா. போதுமா, யா. நைன், இல்லை என்று சொன்னால் எங்கள் அகதி விண்ணப்பக் கோப்பை மூடிவிடுவார்களோ என்று பயம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், ஜெனோவாவும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அன்றைக்கு ஒரு பெரிய யா சொல்லிவிட்டு வந்தோம்.

அலுவலகத்தில் எனக்கு ஒரு சக ஊழியன் இருந்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், பிறவியிலேயே பார்வையில்லாதவன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயமெல்லாம் அவனிடம் திட்டு வாங்கிக் கற்றதுதான். பொருத்தி முடித்ததும் இரண்டு கையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்னால் நில் என்பான். வேலை செய்கிறதா என்று ஒருநாளும் கேட்காதே, எங்கே தடக்குகிறது என்று கேள் என்பான். மதியச் சாப்பாட்டில் நான் அவனுக்கு ஜெனோவாவின் ஞாபகசக்தியைப் பற்றிப் பெருமையடித்தேன். அவன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்படியானால் நீ அங்கே என்ன பொருத்தினாய்?"

"என்ன கேள்வி இது? நாற்பத்தொன்றையும் மனத்தில் வைத்திருக்கிறா."

"அது அவள் செய்த வேலை. நான் உன்னுடைய வேலையைக் கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இவனுக்கு எங்கள் சனத்தைப் பற்றி என்ன தெரியும், என்ன பாடெல்லாம் பட்டு வந்தவர்கள் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். அன்றைக்கே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, படிவத்தைத் திருத்தப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம் இதுதான். பிழை செய்த நாளைவிட, பிழை என்று ஒருவன் சொல்லியும் ரோசத்தில் இருந்துவிட்ட நாள்தான் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. ஜெனோவாவின் குரல் நன்றாக இருக்கிறது, பொறுமையாகக் கதைக்கிறார் என்று அழைத்தவர்களே பாராட்டினார்களாம். பிறகு வைத்தியசாலையில் ஒரு சிறு பிரிவை மூடினார்கள். யாரோ ஒருவர் தன் கணினியில் இருந்தபடி அந்தப் பொத்தானை நீக்கினார். பட்டியல் நாற்பதாகியது. மூடிய பிரிவு பட்டியலின் தொடக்கத்தில் இருந்ததால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் ஒவ்வொரு இடம் முன்னுக்கு வந்தன. கண் தெரிந்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, பெயரைப் பார்த்து அழுத்தினார்கள். ஜெனோவாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒழுங்கு என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேனே.

பொத்தானை நீக்கிய அன்று காலையே ஒரு தாய் அழைத்திருக்கிறார். நாலு வயது மகளுக்கு அன்று சத்திரசிகிச்சை. தகப்பன் பிள்ளையோடு வைத்தியசாலையில், தாய் வேலையில். பிள்ளை எழும்பிவிட்டதா என்று கேட்க, குழந்தைகள் விடுதியை இணைக்கச் சொன்னார். ஜெனோவா வழக்கம்போல இருபத்துமூன்று தரம் அழுத்தி இணைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார். இருபத்துமூன்றில் இப்போது இருந்தது, முன்பு இருபத்துநான்காக இருந்த பிரிவு. இறந்தவர்களைப் பரிசோதிக்கும் நோயியல் பிரிவு.

அங்கே எடுத்தவர் பிரிவின் பெயரைச் சொன்னார். தாய் பிள்ளையின் பெயரைச் சொன்னார். அவர் பணிவாக, "ஒரு நிமிடம், பட்டியலில் பார்க்கிறேன்" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். பட்டியலில் பெயர் இல்லை என்று அவர் திரும்பி வந்து சொல்வதற்குள் தாய் தொலைபேசியை விட்டுவிட்டுக் காரை எடுத்துவிட்டார். வைத்தியசாலைக்கு வந்து, வாசலில் கண்டவர்களிடமெல்லாம் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். பிள்ளை மூன்றாம் மாடியில் சுகமாக இருந்து ஜெலி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாயை நான் ஒருநாளும் சந்திக்கவில்லை. மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவன் நான், அது இன்றுவரை நடக்கவில்லை.

முறைப்பாடு வந்தது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். என் முதலாளி தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: சோதித்து ஒப்படைத்தோம், பாவனையாளரும் கையெழுத்து வைத்திருக்கிறார், அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். புறப்படுவதற்கு முன் ஜெனோவா தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, நான் எண்ணி எண்ணிச் செய்ததைச் சொல்லிப்போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை? அதுதானே உண்மை."

"உண்மைதான். கண் தெரியாத ஆளுக்கு இந்த வேலை ஏலாது எண்டு எழுதிப்போடுவினம். கை தவறிப்போச்செண்டு சொன்னால் ஒரு கடிதத்தோடை விடுவினம். இன்னும் ஏழு கிழமைதான் அண்ணை கிடக்கு."

ரயிலில் முழு வழியும் இதையே யோசித்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறந்தால் அவருடைய ரகசியம் வெளிவரும். மூடினால் பழி அவர் தலையில் இருக்கும், என் கையெழுத்து சுத்தமாக இருக்கும். கடைசியில் ஒன்று மட்டும் முடிவெடுத்தேன். என் பங்கை நான் சொல்வது, அவர் பங்கைச் சொல்வதா விடுவதா என்பதை அவரிடமே விடுவது. அது சரியான முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு நீள மேசை. பிரிவுத் தலைவி, ஆளணி அலுவலர், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் பிரதிநிதி, நான், ஜெனோவா. தலைவி தாயின் கடிதத்தை வாசித்தார். பிறகு ஜெனோவாவிடம் கேட்டார்.

"நீங்கள் பிழையான பொத்தானை அழுத்தினீர்களா?"

"யா" என்றார் ஜெனோவா. "என் பிழை."

அந்த யாவைக் கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் வாயிலிருந்து வந்த அதே யா. "இந்தக் கேள்வியை என்னிடம் கேளுங்கள்" என்றேன். "பொத்தான்களின் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அவை வாசிக்கப்படவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்."

ஆளணி அலுவலர் எழுதுவதை நிறுத்தினார். தலைவி என் பக்கம் திரும்பினார்.

"அப்படியானால் நாலு மாதமாக இவர் எப்படி வேலை செய்தார்?"

"அதை நான் சொல்ல முடியாது. அவர் விரும்பினால் சொல்லலாம்."

ஜெனோவா இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்தார். சுட்டுவிரல் மெல்ல அசைந்தது.

"எண்ணினேன்" என்றார். "ஒன்று, அனுமதிப் பகுதி. இரண்டு, கண் பிரிவு. மூன்று..." ஒவ்வொன்றாக நாற்பத்தொன்றையும் ஜேர்மன் மொழியில் சொன்னார், விரலை அழுத்தி அழுத்தி. மூடிய பிரிவு வந்தபோது, "இது இப்போது இல்லை, அன்றைக்கு எனக்குத் தெரியாது" என்றார். இருபத்துமூன்று வந்தபோது விரல் கொஞ்சம் தாமதித்தது.

தலைவி கடுமையாக அல்ல, வேதனையாகத்தான் கேட்டார். "நான் பக்கத்து அறையில் இருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் இரண்டாம் நாள் கேட்டீர்கள், எல்லாம் ஒழுங்கா என்று. இவர் ஒழுங்கு என்றார். இவர் இந்தத் துறையில் தேர்ந்தவர். தேர்ந்தவர் வேலை செய்கிறது என்கிறார், எனக்கு வேலை செய்யவில்லை. அப்படியென்றால் பிழை என்னில் என்றுதானே நான் நினைப்பேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரால் அதைப் பார்க்க முடியாது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

வெளியே பஸ் தரிப்பிடம் வரை கூட நடந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் வெள்ளைத் தடியால் நடைபாதையின் விளிம்பைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, நீங்கள் என்னட்டை அது வேலை செய்யுதோ எண்டு கேக்கேல்லை. சமாளிப்பியளோ எண்டு கேட்டனீங்கள். எங்கடை ஆக்களிலை ஆர் அதுக்கு இல்லை எண்டு சொல்லுவினம்?"

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. பரீட்சைக் காலம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஜெனோவாவுக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. தலைவி அவருக்காக மேலிடத்தில் வாதாடியதாகப் பிரதிநிதி பிறகு சொன்னார். நான் உண்மையை நாலு மாதம் பிந்திச் சொன்னேன், பிந்திய உண்மைக்கு அவ்வளவுதான் பெறுமதி. எனக்கும் முதலாளியிடமிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நியாயமான கடிதம், நான் அதை எதிர்க்கவில்லை.

அடுத்த மாதம் அனுமதி வந்தது. நான் போய் நாற்பது பொத்தான்களுக்கும் பெயர் எழுதினேன். சொன்னதுபோல இரண்டே நாள். கடைசியில் சோதிப்பதற்காக டாப் விசையை அழுத்திக்கொண்டு போனேன். அனுமதிப் பகுதி, கண் பிரிவு, குழந்தைகள் விடுதி என்று அது அருமையாக வாசித்தது. கேட்பதற்கு அந்தக் கதிரையில் யாரும் இல்லை. என் வேலைக்காலத்தில் நான் அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

மதியச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிப் போய் என் சக ஊழியனிடம் நடந்ததைச் சொன்னேன். சொன்னேனே என்று அவன் குத்திக்காட்டவில்லை. உப்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எங்கே தடக்குகிறது?" என்றுதான் கேட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஹனோவரில் ஒரு நகர அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. பார்வையில்லாத ஊழியர் ஒருவருக்கு மேசை அமைக்க வேண்டும், அந்த ஊழியர் குறிப்பாக என்னைத்தான் கேட்கிறார் என்றார்கள். கதவைத் திறந்தால் ஜெனோவா.

"ஏன் பிள்ளை, என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்? எத்தினை பேர் இருக்கினம்."

"மற்றவை இன்னும் அந்தப் பிழை விடேல்லை அண்ணை. நீங்கள் விட்டிட்டியள். இனி விடமாட்டியள்."

மூன்று நாள் வேலை செய்தோம். மூன்றாம் நாள் ஒப்படைப்பு. அலுவலக மேலாளர் வந்தார், இளம் மனிதர், கையில் கோப்பிக் கோப்பை. வழக்கம்போல என்னைப் பார்த்துக் கேட்டார், எல்லாம் ஒழுங்கா என்று. நான் கைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்த மௌனம் அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு ஜெனோவாவிடம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார்.

"நைன்" என்றார் ஜெனோவா.

சந்திப்புகளைக் குறிக்கும் ரெர்மின் நாட்காட்டி நேரத்தை வாசிக்கிறது, ஆளின் பெயரை வாசிக்கவில்லை என்றார். ஒரு படிவத்தைச் சேமித்தால் சேமித்ததா இல்லையா என்று சொல்வதில்லை என்றார். பிழைச் செய்தி வந்தால் திரையில் மட்டும் வருகிறது, காதுக்கு வருவதில்லை என்றார். மேலாளர் என் முகத்தைப் பார்த்தார், இதெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்வேன் என்ற எதிர்பார்ப்போடு. நான் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்து, பேனாவைத் திறந்து, குறைபாடுகள் என்ற கட்டத்தில் மூன்றையும் ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதி முடித்து, கையெழுத்து வைக்கும் இடத்துக்குப் படிவத்தைத் திருப்பினேன்.

ஜெனோவா தலையைக் கொஞ்சம் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேனைச் சத்தம் நிண்டிட்டுது அண்ணை. நாலாவது கிடக்கு, எழுதுங்கோ."